ஆதரிப்பவர் உண்டா?

பிப்ரவரி மாதத்தில் மாட்டுக்கொட்டில் வேலைக்குப் போகிறவர்கள் கண்ணாடி போடக் கூடாது. வெளியே மைனஸ் முப்பது டிகிரி. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் மாடுகளின் மூச்சு முகத்தில் அடித்துக் கண்ணாடியை மூடிவிடும். நானும் இருபது வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் போகிறேன், திட்டிக்கொண்டேதான் துடைக்கிறேன். கண் அப்படி, என்ன செய்ய.

என் பெயர் அய்லா கெய்னானென். ஹியேதவாரா ஊராட்சியில் மாற்றாள் வேலை. சம்சாரி ஒருவன் காய்ச்சலில் படுத்தாலும், மகள் கல்யாணத்துக்குப் போனாலும், சட்டப்படி கிடைக்கிற லீவில் வெயிலைத் தேடி ஸ்பெயினுக்கு விமானம் ஏறினாலும், அவன் மாட்டைக் கறக்க ஊராட்சி என்னை அனுப்பும். எந்த வீட்டு மாடு உதைக்கும், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டேன். முலாரி வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன் என்றால், சொல்லு போ என்று ரௌனியே சொல்லிவிட்டாள்.

ரௌனி முலாரியும் அவள் புருஷன் வில்யோவும், இரண்டு பேருமே ஊராட்சி சபை உறுப்பினர்கள். சபை கூடுவது சாயங்காலம் ஆறு மணிக்கு. மாடு மடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் ஆறு மணிக்குத்தான். ஆகவே சபை கூடுகிற நாளெல்லாம் முலாரி வீட்டு மாடுகள் என் பொறுப்பு. ஒவ்வொரு தேர்தலிலும் ரௌனிக்குத்தான் புருஷனைவிட ஓட்டு அதிகம். ஆனால் சபையில் எங்கள் கட்சிக் குழுவுக்குத் தலைவன் வில்யோ. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவள் உட்பட.

நானும் போன தேர்தலில் நின்றவள்தான். பட்டியலில் ஆள் குறையுது, பேரைக் குடு என்று வில்யோதான் கூப்பிட்டான். கொடுத்தேன், தோற்றேன். எங்கள் பட்டியலில் தோற்றவர்களில் நான் முதல் ஆள் என்பதால் மாற்று உறுப்பினர் என்று ஒரு பட்டம். கொட்டிலிலும் மாற்று, சபையிலும் மாற்று. சபைக்கு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எங்கள் ஆட்கள் கால் ஒடிந்தாலும் கட்டையை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்துவிடுகிற ரகம்.

பிரச்சினை ஆரம்பித்தது ஜனவரியில், முலாரி வீட்டுச் சமையலறையில். குழுக் கூட்டம். நான் கறவையை முடித்து, பைப்பைக் கழுவிவிட்டு, கம்பளிக் காலுறையோடு வந்து அடுப்போரம் உட்கார்ந்தேன். மேஜையைச் சுற்றி ஆம்பிளைகளும் பொம்பிளைகளுமாக எங்கள் கட்சிக்காரர்கள். அடுப்பில் சுட்ட பாலாடைக்கட்டியும், உருளைக்கிழங்கையும் லிங்கன் என்கிற புளிப்புக் காட்டுப்பழத்தையும் வைத்துச் சுட்ட பார்லி அடையும் தட்டில் இருந்தன. ரௌனி காப்பிக் கெட்டிலோடு ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வில்யோ மெதுவாகப் பேசினான். ஹியேதவாரா ஊராட்சியைக் கலைத்துவிட்டு, வருகிற புத்தாண்டிலிருந்து நகரத்தோடு சேர்ப்பது. சேர்ந்தால் அரசாங்கம் மானியம் தரும். ஊராட்சி ஊழியர்களை ஐந்து வருஷத்துக்கு வேலையைவிட்டு எடுக்க முடியாது. மற்றக் கட்சிக்காரர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

"யாருக்காவது வேற கருத்து இருக்கா?" என்று கேட்டான்.

ஒருத்தரும் பேசவில்லை. ஒருவர் அடையைப் பிய்த்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதற்கும் வாயை மூடுவோம், சரி என்பதற்கும் வாயை மூடுவோம். தேவைப்பட்டவன் தேவைப்பட்ட அர்த்தத்தை எடுத்துக்கொள்வான்.

"அப்போ ஒருமனதா முடிவாச்சு," என்றான் வில்யோ.

ரௌனி மேஜையின் கடைசியில் கெட்டிலைச் சாய்த்தபடி நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை. ஊற்றி முடித்தாள், கெட்டிலை அடுப்பில் வைத்தாள். ஆட்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பி, கடைசிக் கார் பனியில் கிறீச்சிட்டுக்கொண்டு போகிறவரைக்கும் பேசவில்லை. அதற்கப்புறம் பேசினாள்.

"என்னை யாருய்யா கேட்டா?"

"எல்லாரையும்தானே கேட்டேன்," என்றான் வில்யோ.

"மேஜையைக் கேட்டே. நான் மேஜைக்குப் பின்னாடி நின்னேன்."

"சொல்லியிருக்க வேண்டியதுதானே. வாயில என்ன, பூட்டா போட்டிருந்துச்சு?"

"கையில கொதிக்கக் கொதிக்கக் காப்பி இருந்துச்சு. தலையில கொட்டாம விட்டேனே, அதை நினைச்சுச் சந்தோஷப்படு."

நான் எழுந்தேன். "நான் கிளம்புறேன்ப்பா."

"உக்காரு!" என்றாள் ரௌனி. "நீயும் கேளு. இருபது வருஷமா அந்தச் சபையில உக்காந்திருக்கேன். பள்ளிக்கூடத்துக் கூரைக்கு யாரு சண்டை போட்டது? கிழக்குக் கிராமத்து ரோட்டுல முதல்ல பனி தள்ளணும், அங்கதான் பிள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்குதுங்கன்னு யாரு சொன்னது? நாளைக்கு நகரத்துல உக்காந்திருக்கிறவனுக்குக் கிழக்குக் கிராமம் எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"பிள்ளைங்க எங்கடி இருக்காங்க?" என்றான் வில்யோ. "நம்ம பிள்ளைங்களே தெற்கே போயாச்சு. கஜானா காலி. இன்னும் ரெண்டு வருஷம் போனா அரசாங்கமே கழுத்தைப் பிடிச்சுச் சேர்த்துடும். இப்போ போனா மரியாதையா எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்கிறதுக்கு நாம என்ன பழைய டிராக்டரா?"

"ரௌனி, நான் அவங்ககிட்டக் கைகுடுத்துட்டேன். வாக்குன்னா வாக்குதான்."

"நீ குடுத்தது உன் கை. என் கை இங்கதான் இருக்கு." இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "சபையில எந்திரிச்சு, இணைப்பைத் தள்ளுபடி பண்ணணும்னு நான் முன்மொழிவேன்."

"முன்மொழி. ஆதரிக்கிறேன்னு இன்னொருத்தர் சொல்லணும், தெரியுமில்ல? சொல்லலைன்னா ஓட்டெடுப்பே கிடையாது. தலைவர் நாற்காலியிலேருந்து ஆஹ்தி சுத்தியலைத் தட்டிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவான். நீ கல்லு மாதிரி நிப்பே."

"நிக்கிறேன். நகர்த்திப் பாக்கட்டும்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு வார்த்தை நின்றுபோனது. ஒரே கொட்டிலில் இரண்டு பேரும் எதிரெதிர் வரிசையில் கறப்பார்கள். வில்யோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நான் உதவிக்குப் போன வாரத்தில் என் பாடு பெரும்பாடு.

"அய்லா, தீவன வண்டி சக்கரத்துல காத்து இல்லைன்னு அந்த மனுஷன்கிட்டச் சொல்லு," என்பாள்.

"அய்லா, நேத்தே அடிச்சாச்சுன்னு சொல்லு," என்பான், இரண்டு மாடு தள்ளி நின்றுகொண்டு.

"எனக்கு மாட்டுக்குத்தான் சம்பளம். தபாலுக்குத் தனியா வைங்க," என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரர்கள்.

அந்த வாரங்களில் ரௌனி வீடு வீடாகப் போனாள். பகலில் கிளம்புவாள், கார் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டிக்கொண்டு. சாயங்காலம் கொட்டிலுக்கு வந்து, மடியைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சொல்வாள். "இடதுசாரி ரெய்யோகிட்டப் போனேன். 'நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி ரௌனி, ஆனா எங்க குழு முடிவு பண்ணிருச்சே'ங்கறான். அவங்க குழுவுல இருக்கிறதே ரெண்டு பேரு! அதுல ஒருத்தன் அவன்! நம்ம ஆளுங்ககிட்டப் போனா, 'வில்யோவே சொல்லிட்டானே'ங்கறாங்க. எல்லாரும் நான் சொல்றது சரிதான்ங்கறாங்க அய்லா. உள்ளே கூப்பிட்டு மீன் அடை வெட்டி வச்சுச் சரிங்கறாங்க. வயிறுதான் நிறையுது."

"சபையில எனக்கு இடம் இருந்தா நான் ஆதரிச்சிருப்பேன்," என்றேன்.

"இடம் இல்லாதவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் சொன்னது பாதிப் பொய். அந்த ஐந்து வருஷ உத்தரவாதம் எனக்கும் இனித்தது. ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, வேறு எவன் எனக்கு வேலை தருவான்? இணைப்பு நடக்காவிட்டால் ஊராட்சி முதலில் கை வைக்கப்போவது மாற்றாள் வேலையில்தான் என்று நிர்வாகியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தான்.

சபை கூடுகிற நாள் வந்தது. அன்றைக்கு மத்தியானமே ஹெலுனா என்கிற தலைச்சன் பசு கன்று போட்டுவிட்டது. ரௌனிதான் கயிறு போட்டு இழுத்தாளாம். நான் ஐந்து மணிக்குப் போனபோது கன்று உலர்ந்து, எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. ரௌனி தலையைச் சீவி, நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, இஞ்சின் சூட்டுக்குச் சொருகியிருந்த வயரைக் காரிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனாள். புருஷனுக்கு லாரி இருக்கிறது, வரட்டும் என்றாள்.

நான் முதல் வரிசையில் மூன்று மாட்டுக்கு மெஷினை மாட்டியிருந்தேன். வில்யோ உள்ளே வந்தான். கோட்டு, சூட்டு, டை. கொட்டிலுக்குள் அந்தக் கோலத்தில் அவனை நான் பார்த்ததேயில்லை. கன்றின் முன்னால் போய் நின்றான். அது அவன் டையை நக்கியது. நின்றவன் மொபைலை எடுத்தான்.

"ஆஹ்தியா? வில்யோ. தலைச்சன் பசு ஒண்ணு கன்னு போடப்போகுது. கால் பின்னாடி மாறி வருது போல... ஆமாம்ப்பா, வர முடியாது. மாற்று ஆளைக் கூப்பிட்டுக்கோ... அய்லாதான் முதல்ல. இங்கதான் நிக்கிறா, சொல்லிடறேன்."

எங்கள் ஊரில் நெஞ்சுவலி என்றால்கூட எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். பசு கன்று போடுகிறது என்றால் மறுகேள்வி கிடையாது. அவனுக்குப் பின்னால் ஹெலுனா கன்றை நக்கிக்கொண்டு நின்றது.

"பொய்யா சொன்னே நீ?" என்றேன்.

"ஆமா." காது இரண்டும் சிவந்திருந்தன.

"அங்க போய் ரௌனியை ஆதரிச்சுப் பேசுன்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. சொன்னா வாக்கு மாறினவன் ஆயிடுவேன். அவ சொல்றது தப்புன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். இந்த ஊரு தனியா பிழைக்காது." டையை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்தான். "ஆனா அவ தோத்தா ஓட்டுல தோக்கணும் அய்லா. பக்கத்துல ஒரு ஆள் இல்லாம, அத்தனை பேரு முன்னாடி நின்னு தோக்கக் கூடாது. என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

"அப்போ நீயே போய் ஆதரிக்கிறதுக்கு என்ன கேடு?"

"நான் கைகுடுத்தவன். நீ யாருக்கும் கைகுடுக்கலை. உன்னைத்தான் யாரும் கேக்கவே இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவன்மேல், நிர்வாகிமேல், என் முழங்கால்மேல். ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்தேன். முழங்கைவரை கழுவினேன், போகிற வாசனையா அது. ரௌனியின் கம்பளிச் சட்டை கொக்கியில் தொங்கியது, மாட்டிக்கொண்டேன்.

"மூணாவது மாட்டுக்குப் பின்காம்பு வீங்கியிருக்கு, மெதுவா..." என்று ஆரம்பித்தேன்.

"என் மாட்டைப் பத்தி எனக்கேவா சொல்றே!" என்றான் வில்யோ. லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனேன்.

ஊராட்சி அலுவலகத்தில் நான் நுழையும்போது ஆஹ்தி தோலொனென் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தான். ஆஹ்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், சபைத் தலைவன். மேஜைகள் குதிரை லாடம் போல வளைத்துப் போட்டிருந்தன. சுவரில் ஜனாதிபதி அம்மாவின் படம். நான் போய் வில்யோவின் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். எதிர்வரிசையில் ரௌனியின் முகம் வெளுத்துப்போனது.

"மாட்டுக்கு என்ன?" என்றாள், மேஜைக்குக் குறுக்கே.

"ஹெலுனா கன்னு போடுதாம்," என்றேன். "கால் மாறி வருதாம்."

மத்தியானம் அந்தக் கன்றைத் தன் கையால் இழுத்துப் போட்டவள் அவள். என்னையே பார்த்தாள். பல்லைக் கடிப்பது தாடையில் தெரிந்தது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"தலைச்சன் இல்லையா, அப்படித்தான்," என்றார் பக்கத்தில் இருந்தவர் அனுதாபத்தோடு.

நிர்வாகி எழுந்து இணைப்புத் திட்டத்தை வாசித்தான். இளவயது, தெற்கத்திக்காரன், சுத்தமான கை. வாசித்துவிட்டு உட்கார்ந்ததும் ரௌனி எழுந்தாள். கையில் காகிதம் இல்லை.

"நான் இந்தத் திட்டத்தை எதிர்க்கிறேன்," என்றாள். "இணைப்பைத் தள்ளுபடி பண்ணணும்னு முன்மொழியறேன். நாம ஏழைங்க. சரி. எப்பவும் ஏழைங்கதான். பஞ்சத்துல மரப்பட்டையை அரைச்சு ரொட்டி சுட்டவங்க இந்த ஊர்க்காரங்க. அப்பவும் யாரும் ஊரைக் கலைக்கலை. ஒரு மாசமா உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்தேன். நீ சொல்றது சரிதான்னு சொன்னீங்க. இப்போ மேஜையைப் பாக்குறீங்க. பாருங்க, நல்ல மேஜைதான், இதையும் நகரத்துக்காரங்க எடுத்துக்குவாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஊரு சாகணும்னா, கொன்னது யாருன்னு அவங்கவங்க வாயால சொல்லட்டும். சும்மா உக்காந்திருந்தோம், தானாப் போயிடுச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது."

உட்காரவில்லை. நின்றாள்.

"முன்மொழிவை ஆதரிப்பவர் உண்டா?" என்று கேட்டான் ஆஹ்தி.

ரேடியேட்டர் சொடுக்கியது. ரெய்யோ பேனாவின் மூடியைப் போட்டான், கழற்றினான். ஆஹ்தி சுத்தியலை எடுத்தான். பாவம், அவனுக்கே அவசரம். அந்த நிசப்தத்தை அவனால் தாங்க முடியவில்லை. நிர்வாகி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சம்பளக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன் அவன். எதிரே ரௌனி யாரையும் பார்க்காமல், கெஞ்சாமல், நின்றபடி நின்றாள். நல்ல பாவாடையின் ஓரத்தில் கன்றின் சளி காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஆதரிக்கிறேன்," என்றேன்.

சத்தம் வரவில்லை போலிருக்கிறது. ஆஹ்தி காதைத் திருப்பினான்.

"ஆதரிக்கிறேன்னு சொன்னேன்!" இந்தத் தடவை மாட்டை அதட்டுகிற குரலில் வந்தது. "அய்லா கெய்னானென். எழுதிக்கோ."

சுத்தியல் கீழே இறங்கியது, தட்டாமல். இனி ஓட்டெடுப்பு நடந்தே ஆக வேண்டும். இணைப்புக்கு 'ஆமா', ரௌனியின் பக்கத்துக்கு 'இல்லை'. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

முதல் மூன்று பேர் ஆமா. நான் இல்லை. ரௌனி இல்லை. அவளுக்கு அடுத்துக் கிழக்குக் கிராமத்துக்காரர், வில்யோவின் வேட்டைக் கூட்டாளி, நெற்றியைத் துடைத்தார். "இல்லை," என்றார். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு இரண்டு ஆமா. ரெய்யோவின் பெயர் வந்தது. பேனாவைக் கீழே வைத்தான். "எங்க குழு முடிவு வேற," என்றான். "இருந்தாலும் இல்லை." அவன் குழுவின் இன்னொரு பாதி வாயைப் பிளந்தது. அப்புறம் இன்னும் மூன்று பேர் இல்லை என்றார்கள். அதில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

பத்துக்கு ஏழு. தோற்றோம். ஆஹ்தி சுத்தியலைத் தட்டினான். ஹியேதவாரா என்கிற ஊராட்சி அந்தத் தட்டோடு முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் நிர்வாகி பார்க்கிறான் என்று அடக்கிக்கொண்டேன்.

வெளியே லாரி வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது நிர்வாகி பக்கத்தில் வந்தான். "அய்லா, உனக்கே நல்லதுக்குத்தான் பண்ணினோம். யோசிச்சுப் பேசியிருக்கலாம். கோடையில வேலைப் பட்டியல் போடும்போது..."

எங்கள் ஊரில் யாரையும் யாரும் 'நீங்க' என்பதில்லை. ஜனாதிபதி வந்தாலும் நீதான். அதனால் எனக்கு வசதியாக இருந்தது. "காலையில அஞ்சு மணிக்கு நான் உன் வேலைக்காரி," என்றேன். "இப்போ நான் சபை உறுப்பினர். தள்ளி நில்லு, வண்டியை எடுக்கணும்."

முலாரி வீட்டுக்கு நானும் ரௌனியும் முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தோம். கொட்டிலில் விளக்கு எரிந்தது. வில்யோ சூட்டுக் காற்சட்டைக்கு மேல் கொட்டில் உடுப்பை மாட்டிக்கொண்டு, கன்றின் வாயில் விரலை விட்டுப் பால் குடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தான். ரௌனி கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் போய் நின்றாள். ஒரு மாசத்துக்கு அப்புறம் நேராகப் பேசினாள்.

"பத்துக்கு ஏழு."

"ஏழா?" என்றான் வில்யோ. வாளி சாய்ந்து பால் கொட்டியது. "ஏழு பேரா வாயைத் திறந்தாங்க?"

"நீ வந்திருந்தா ஆமான்னுதானே சொல்லியிருப்பே?"

"ஆமா."

"அதை அங்க வந்து சொல்லியிருக்கணும். என் மூஞ்சியைப் பாத்து."

"நான் வந்திருந்தா அய்லா வந்திருக்க முடியாது. உனக்கு ஆள் இருந்திருக்காது."

"தெரியும்யா. அதான் எரியுது!" கையுறையைக் கழற்றித் தீவன வண்டிமேல் அடித்தாள். "உன் தயவை நான் கேட்டேனா? உன் தயவுல கிடைச்ச ஓட்டெடுப்பு. போகட்டும், கிடைச்சுது, விடமாட்டேன். அக்டோபர்ல நகரத்துச் சபைக்குத் தேர்தல். நான் நிக்கிறேன். உன் பட்டியல்ல இல்லை. இல்லைன்னு சொன்ன ஏழு பேரும் தனிப் பட்டியல்."

"ஏழு பேர்ல நானும் ஒருத்தி," என்றேன். "என்னை யாரு கேட்டா?"

ரௌனி திரும்பினாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, கண்ணாடிக்குள் என் கண்ணைப் பார்த்தாள்.

"கேக்குறேன் அய்லா. நிப்பியா?"

"நிப்பேன்."

"நானும் நிப்பேன்," என்றான் வில்யோ, கன்றின் வாயிலிருந்து விரலை எடுக்காமல். "கட்சிப் பட்டியல்ல. உங்களுக்கு எதிரா."

"நில்லு. பசு கன்னு போடுதுன்னு பாதியில ஓடிடாதே," என்றாள் ரௌனி.

அவன் யோசித்தான். அவன் யோசிப்பது எப்போதும் நிதானம்தான். "நாம மூணு பேரும் ஜெயிச்சுட்டா, சபை கூடுற அன்னிக்கு இந்த மாட்டை யாரு கறப்பா?"

"நகரத்துலேருந்து ஆள் அனுப்பட்டும்," என்றாள் ரௌனி, கொட்டில் உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டே. "நம்மளைச் சேத்துக்கிட்டது அவங்கதானே."